பம்பாய்க்கு முன்னதாகக் கிளம்பிய புடவை

ஒரு பயணம் எங்கே தொடங்குகிறது? வீட்டு வாசலிலா, விமான நிலையத்திலா, எதிர்வீட்டு அலமாரியிலா? பொருளாதாரத்தில் பட்டம் பெற்றிருந்த எனக்கு இந்தக் கேள்வி பம்பாயில், கல்யாண வீட்டுக் கூடத்தின் நடுவில், உறவினர் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுந்தது.

அறுபதுகளின் இறுதி அது. என் அக்கா சிவகாமிக்குப் பம்பாயில் மாப்பிள்ளை அமைந்து, கல்யாணமும் அங்கேயே ஏற்பாடாகியிருந்தது. வீட்டார் முன்பே ரயிலேறிவிட்டார்கள். அடைமழையில் தறியில் கட்டிய பாவு நூல் ஈரம் வாங்கி நெசவு தாமதமானதால் கூறைப்புடவை மட்டும் காஞ்சிபுரத்தில், சித்தப்பாவின் தறியிலேயே இருந்தது. அதை விமானத்தில் கொண்டுசேர்க்கும் பொறுப்பு என்னுடையது. எங்கள் தெருவில் விமானம் ஏறும் முதல் ஆள் நான். (இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை.)

"சித்தப்பா நெய்ற கூறை இல்லாம மணையில உக்கார மாட்டேன், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா ரயிலேறினாள்.

நானோ தெருவுக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பம்பாய் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆகாயத்தில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இங்கிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேரத்தான் அதைவிட அதிக நேரம். ஆகவே தூரம் என்பது நிலத்தில் இல்லை, வசதியில் இருக்கிறது என்று சமுதாயக் கருத்தொன்றையும் சேர்த்துக்கொண்டேன்.

நான் பஸ் ஏற வேண்டிய நேரம் ராகு காலத்தில் விழுந்தது. சித்தி அதற்குப் பரஸ்தானம் வைத்தார். பயணத்துக்குரிய பொருள் ஒன்றை நல்ல நேரத்தில் வேறொரு வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. சித்தி வைத்தது, அதற்குள் நெய்து முடிந்திருந்த அந்தக் கூறைப்புடவையையே. மல் துணியில் சுற்றி எதிர்வீட்டு சரோஜாம்மாவின் அலமாரியில் வைத்தார். போகிற வழியில் நான் எடுத்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் சித்தியின் மனம் புண்படும், இணங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. விளைவுகளை நன்றாக எடைபோட்டு இணங்கினேன்.

சரோஜாம்மா வாசலில் நின்றிருந்தார். "அவ்ளோ தூரம் எப்படிப்பா ரெண்டு மணில போவுது?"

விளக்கினேன். வேகத்தில் ஆரம்பித்து, எதிர்க்காற்றைக் கடந்து, ஐந்தாண்டுத் திட்டத்துக்கு வந்தபோது அவரே என்னை விரட்டினார். "பேசிக்கினே நின்னா பஸ்ஸு போயிடும்பா."

ஓடினேன். நான் அந்த வாசலில் நின்றதைத் தம் வீட்டிலிருந்து பார்த்த சித்தி, நான் புடவையை வாங்கிக்கொண்டதாக நினைத்து நிம்மதியாக உள்ளே போய்விட்டார்.

பம்பாயில் அக்கா இரண்டு கைகளையும் நீட்டினாள். பையைத் திறந்தேன். இரண்டு வேட்டிகளும், கிராமப் பொருளாதாரம் பற்றிய தடித்த நூலொன்றும் இருந்தன.

"புடவை எங்கடா?"

"அது எனக்கு முன்னாடியே கிளம்பிடிச்சிக்கா."

அக்கா அழவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ நீ எதுக்குடா வந்தே?"

நான் பையை மூடினேன்.

காஞ்சிபுரத்துக்கு டிரங்கால் பறந்தது. மறுநாள் முதல் விமானத்தில் சித்தப்பா, கைக்குழந்தையைப் போலப் புடவையை அணைத்தபடி வந்து இறங்கினார். அவர் புறப்பட்டபோது பஞ்சாங்கத்தை யாரும் பார்க்கவில்லை. முகூர்த்தத்துக்குச் சற்று முன் அக்கா கூறையுடுத்தி மணையில் உட்கார்ந்தாள். விமானம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பந்தலில் ஒருவர் என்னைக் கேட்டார். அக்கா மணையிலிருந்தே திரும்பிப் பார்த்தாள். தெரியாது என்றேன்.

சித்தப்பாதான் சொன்னார்: "ஒரு சாண் நெய்றதுக்குள்ள எறக்கி உட்டுட்டாம்பா."

எங்கள் வீட்டில் பம்பாய் இன்றும் ஒரு சாண் தூரம்தான். பரஸ்தானம் வைக்கும் வழக்கமும் நிற்கவில்லை. ஆனால் அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு, நான் எந்த ஊருக்குப் புறப்பட்டாலும், எதிர்வீட்டில் வைக்கப்படுவது என் வலது கால் செருப்பு.