ஓர்வில் என்று எவரும் இல்லை என்பது குறித்து

பெல்ஹம் ஃபோர்க், ஓஹாயோ.
அக்டோபர், வியாழக்கிழமை.

அன்புத் தங்கை லொரீனாவுக்கு,

அண்ணன் கிளெமென்ட் எழுதுவது. இங்கு நான், என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டிய வரையில், நலமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலம் என்றே, மாறான சான்று வரும் வரை, கொள்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. "பதினாறு வயசுல ஒரு புள்ளைய வச்சுக்கிட்டு கூடப்பொறந்தவகிட்டயே மறைச்சிட்டியே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்று கேட்டிருக்கிறாய். முதற்கண் தெளிவுபடுத்துகிறேன். எனக்கு மகன் கிடையாது. ஓர்வில் என்று எவரும் இல்லை, இருந்ததும் இல்லை. எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் நீ கண்ட அவனுடைய பிறந்தநாள் வாழ்த்து, நல்லெண்ணத்தில் செய்யப்பட்ட பிழை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மதுவுக்கும் போதை மாத்திரைக்கும் போகாமல் தடுக்க, பள்ளி, காவல்துறை, தேவாலயம், கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து அமைத்த கூட்டமைப்புக்கு நான் சட்ட ஆலோசகன் என்பதை நீ அறிவாய். சென்ற கோடையில் நூலகத்தின் நிலவறையில் நாங்கள் ஒரு மாதிரிப் படுக்கையறை அமைத்தோம். கட்டில், அழுக்குத் துணி, காலணி நாற்றம் உட்பட எல்லாம் ஒரு பதின்வயதுப் பையனின் அறையைப் போலவே இருந்தன. அடிப்பக்கம் திருகிக் கழற்றக்கூடிய சோடா டப்பா, பிடிக்குள் பொந்து வைத்த தலைவாரும் பிரஷ், ரகசியப் பை தைத்த பெல்ட் ஆகியவற்றை அதற்குள் ஒளித்து வைத்தோம். பிள்ளைகள் போதைப்பொருளைப் பதுக்கும் இத்தகைய இடங்களைப் பெற்றோர் வந்து தேடிக் கண்டுபிடித்துப் பழக வேண்டும் என்பது நோக்கம். அறைக்கு உரியவன் என்று ஒரு பெயர் தேவைப்பட்டது. உயிரோடிருக்கும் எந்தப் பையனும் மானநஷ்ட வழக்குத் தொடர இடமிருக்கக் கூடாது என்று பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்து, இரண்டு தலைமுறையாக இம்மாவட்டத்தில் எவரும் பிள்ளைக்கு வைக்கத் துணியாத ஓர்வில் என்ற பெயரைத் தேர்ந்தேன். மேலும் ஒரு முன்னெச்சரிக்கையாக, 'இவ்வறையில் வசிப்பவர் எவரும் இல்லை' என்று அட்டை எழுதிக் கதவில் மாட்டினேன். கேடு அதில்தான் தொடங்கியது. பாதிரியாரின் மனைவி பியூலா அதைப் படித்துவிட்டு, "பாத்தீங்களா, யாரும் இல்லைன்னு போர்டு மாட்டிட்டு எங்கயோ சுத்தப் போயிருக்கான். என்ன அழுத்தம்! பெத்தவங்க இப்படி அநாதையா விட்டா வேற எப்படி வளருவான்?" என்று கட்டிலில் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் அந்தக் கட்டிலருகே, சூரை மீன் போட்டுச் சுட்ட நூடுல்ஸ் ஒரு பாத்திரம் நிறைய இருந்தது. அவ்வார இறுதிக்குள் பாத்திரம் வைக்க மேசையில் இடமில்லை. ஞாயிறு வழிபாட்டில் ஓர்விலின் பெயர் சொல்லி ஜெபித்தார்கள். இரும்புக் கடை ஹோபார்ட் அவனுக்குச் சனிக்கிழமை வேலை கொடுத்தார். அப்படி ஒரு பையன் இல்லை என்று நான் அவரிடம் நேரில் சென்று சொன்னேன். "வக்கீலய்யா, என் சொந்தப் பையனே கூப்பிட்டா இல்லாத மாதிரிதான் இருக்கான். அதுக்காகக் கைவிட முடியுமா?" என்றார். துணை ஷெரிஃப் கஸ் அவரையும் மிஞ்சினார். "நானே ரெண்டு தடவை புடிச்சு எச்சரிச்சு விட்டேனே! மரியாதையான பையன். 'சரிங்க'ன்னான்."

இதனினும் விளங்காதது, பாத்திரங்கள் காலியாகத் திரும்பின என்பது. வேலைக்கும் ஆள் வந்தது. "நல்ல உழைப்பாளி. போன வாரம் ஆறடி இருந்தான், இந்த வாரம் என் தோளுக்குக்கூட வரலை. வளர்ற வயசு, முன்னப்பின்னத்தான் இருக்கும்" என்று ஹோபார்ட் சான்றளித்தார்.

பிறகு, ஓர்வில் ஒருநாள்கூட வகுப்புக்கு வரவில்லை என்பதைப் பள்ளி கண்டுபிடித்தது. அந்த அறைக்குப் பொறுப்பாளர் என்று நூலகத்தில் கையெழுத்திட்டிருந்தவன் நான் என்பதால் சம்மன் எனக்கு வந்தது. "கனம் நீதிபதி அவர்களே, பையன் பள்ளிக்கு வராததற்குக் காரணம், அப்படி ஒரு பையன் இல்லை என்பதே" என்று சமர்ப்பித்தேன். நீதிபதி மேக்சீன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "வக்கீல் சார், இங்க வந்து நிக்கிற அப்பாங்க எல்லாரும் 'அது எம்புள்ளயே இல்லீங்க'ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. நீங்க படிச்சவரு, ஏதாவது புதுசா சொல்வீங்கன்னு பார்த்தேன்." திங்கட்கிழமைக்குள், ஓர்வில் இல்லை என்று நான் சத்தியப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும், அல்லது அவனைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். இடைக்காலமாக, எங்கள் கூட்டமைப்பே நடத்தும் நல்ல பெற்றோர் வகுப்புக்கு நான் போக வேண்டும். பாடங்களைச் சரிபார்த்தவன் நான். முதல் தேர்விலேயே தவறினேன்.

இல்லாதவனை இருப்பதாகக் கையெழுத்திட்டால் முப்பதாண்டுத் தொழில் உரிமம் போய்விடும். ஆகவே சத்தியப் பத்திரத்தை எழுதி முடித்தேன். நேற்று மாலை, எங்கள் கூட்டங்களில் கடைசி நாற்காலியில் அமரும் பள்ளி மாணவி என் அலுவலகத்துக்கு வந்தாள்.

"எழுதிட்டீங்களா சார்?"

"எழுதிவிட்டேன்."

"சரி, என் பேரு என்ன?"

"கூட்டமைப்பின் இளையோர் பிரதிநிதி."

"அது நாற்காலியோட பேரு. ரெண்டு வருஷமா உங்க எதிர்லதான் உக்காந்திருக்கேன்." அவள் பெயர் டெல்ஃபின் என்று பின்னர் அறிந்தேன். "இந்த ஊருக்குத் தெரிஞ்ச ஒரே பேரு ஓர்வில்தான். அதான் நாங்க எல்லாருமே ஓர்வில் ஆயிட்டோம். முறை வச்சு."

"இது ஆள்மாறாட்டம்" என்றேன்.

"யாரோட ஆள்? அவன்தான் இல்லைங்கறீங்களே!"

முன்தீர்ப்பு தேடி அலமாரியிலிருந்து ஒரு சட்டப் புத்தகத்தை எடுத்தேன்.

"வெள்ளிக்கிழமையானா கல்குவாரியில பாட்டிலோட உருண்டுட்டு இருந்த பசங்க, இப்ப உங்க நிலவறையில மீன் நூடுல்ஸைத் தின்னுக்கிட்டு கணக்குப் போடறாங்க. ஓர்வில்னா ஊர்ல எல்லாரும் சாப்பிட்டியான்னு கேக்குறாங்க சார், வாயை ஊதிக் காட்டுன்னு யாரும் கேக்குறதில்ல. ஓர்வில் இல்லைன்னு நீங்க எழுதிக் குடுத்தா நாளைக்கே அந்த ரூமைப் பூட்டிருவாங்க. குவாரிக்குப் பூட்டு கிடையாது."

அவள் போனபின் நெடுநேரம் யோசித்தேன். ஆயினும் சட்டம் சட்டமே. திங்கட்கிழமை காலை சத்தியப் பத்திரத்தைத் தாக்கல் செய்வேன். உன்னை அத்தை என்று உரிமை கோரி எவன் வந்தாலும் ஏற்க வேண்டாம் என்று இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் வீட்டு வாசலை நோயும் வழக்கும் மிதிக்காதிருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு, மகன் எவரும் இல்லாத,
உன் அண்ணன்
கிளெமென்ட் ஆஸ்ட்ராண்டர்

பின்குறிப்பு: இக்கடிதம் தபாலில் சேராமல் இரு வாரம் என் மேசையிலேயே கிடந்துவிட்டது. சத்தியப் பத்திரம் தாக்கல் ஆகவில்லை. ஓர்வில் பத்தாம் வகுப்பில் சேர்ந்துவிட்டான். சேர்க்கைப் படிவத்தில், 'ஓர்வில் என்று அழைத்தால் பதில் சொல்லும் எவருக்கும் பொறுப்பாளர்' என்று கையெழுத்திட்டிருக்கிறேன். இதில் ஒரு சொல்லும் பொய்யல்ல. நேற்று கணக்கில் அவனுக்கு 'சி' தரம் போட்டிருந்தார்கள். பள்ளிக்கே சென்று, வழிமுறை முழுவதும் சரியாயிருக்க, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து மாறுகிறது என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பது இயற்கை நீதிக்கு முரண் என்று வாதாடினேன். ஆசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்க பையனா சார்?" என்றார்.

ஆமாம் என்றேன். அப்போது நான் சத்தியப் பிரமாணம் எதற்கும் உட்பட்டிருக்கவில்லை என்பதைக் கவனத்தில் கொள்ளவும்.