கேரியர் இல்லாத சைக்கிள்

வருஷக் கடைசியில் எட்டு நாள் தற்செயல் விடுப்பு என் கையில் மிச்சமிருந்தது. முப்பத்தோராம் தேதிக்குள் எடுக்காவிட்டால் செத்துப்போகும். எட்டையும் மொத்தமாக எடுத்துக்கொள்வது, எட்டு நாளும் விடிந்ததும் சைக்கிளில் ஏறி வீட்டைவிட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். 2006 டிசம்பர். அரசாங்க ஆபீசில் முப்பது வருஷம் கோப்பு புரட்டிய நான், யாரையும் கேட்காமல் எடுத்த முதல் முடிவு அதுதான். அதற்கு முந்தைய முடிவுகள் எல்லாம் என் மனைவி சுலோசனா எடுத்தவை. அவை நன்றாகத்தான் இருந்தன என்பது வேறு விஷயம்.

வீட்டைவிட்டுப் போக என்ன அவசியம் என்று கேட்பீர்கள். வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு ஒரே பெண், சுவேதா. ஆவணியில் கல்யாணம் முடிந்து நாசிக் போய்விட்டாள். மூலக்குளத்தில் கடன் வாங்கிக் கட்டிய நான்கு அறை வீட்டில் நாங்கள் இரண்டு பேர். சத்தம் போடும் பொருள் என்று மிச்சமிருந்தது மிக்சியும் ஃபிரிட்ஜும் டிவியும்தான். "சாப்பிடலாமா?" என்பேன். "சாப்பிடலாம்" என்பாள். அன்றைய பேச்சு முடிந்தது. சுலோசனா சும்மா இருக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு அழுகை முட்டும். ஐம்பத்து மூன்று வயதில், இவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு, பெண்டாட்டி எதிரில் அழுவதற்கு மூலக்குளத்தில் வழக்கமில்லை.

ஸ்கூட்டர் இருந்தது. ஆனால் அதை உதைத்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். உடனே சுலோசனா பையோடு வந்து நிற்பாள். கறிவேப்பிலை, கேஸ் புத்தகம், கரண்ட் பில் என்று ஆரம்பித்து, "இருங்க, நானே வந்துடறேன்" என்று பின்னால் ஏறிக்கொள்வாள். சைக்கிள் என்றால் அந்தத் தொல்லை இல்லை. அதிலும் கேரியர் இல்லாத சைக்கிளாக வாங்கிவிட்டேன். கடைக்கார ஆதிமூலம் கேரியர் இலவசம் என்று சொல்லிப் பார்த்தார். வேண்டாம், பின்னால் யாரும் உட்காரக் கூடாது என்றேன். "கல்யாணம் ஆனவரா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேரியரைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டில் சொல்ல ஒரு பொய் தேவைப்பட்டது. ராத்திரி சாப்பாட்டில் மெதுவாக எடுத்துவிட்டேன்.

"டாக்டர் தெய்வநாயகம் கண்டிப்பா சொல்லிட்டாரு. உடம்புல சர்க்கரை ஏறினா கால்ல சக்கரம் கட்டிக்கணுமாம். தினம் ரெண்டு மணி நேரம் சைக்கிள் மிதிக்கச் சொல்றாரு."

டாக்டர் உண்மையில் சொன்னது காபியில் சர்க்கரையைக் குறை என்பதுதான். சுலோசனா குடைந்து கேட்பாள் என்று பதினோரு கேள்விக்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"தனியாவா?"

"தனியாத்தான். பேசிக்கிட்டே மிதிச்சா மூச்சு வாங்குமாம்."

ரசம் ஊற்றினாள். பிறகு, "கடற்கரைப் பக்கம் மட்டும் போகாதீங்க. மார்கழிக் காத்து, நெஞ்சுல சளி கட்டிக்கும். ஊசுட்டேரிப் பக்கம் போங்க. வெளிநாட்டுப் பறவையெல்லாம் வந்திருக்குதாம்" என்றாள். பெட்டியைத் திறந்து பழைய மஃப்ளரை எடுத்துக் கொடுத்தாள்.

எனக்கு நெகிழ்ந்துவிட்டது. இருபத்தேழு வருஷம் ஆகியும் என் நெஞ்சுச் சளியை நினைக்க ஒருத்தி இருக்கிறாளே. என் சர்வீசில் ஒரு ஆட்சேபணை கூட எழுதப்படாமல் கையெழுத்தான கோப்பு இது ஒன்றுதான். நான் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

என் பெயர் சக்கரபாணி. கையில் சக்கரம் வைத்திருப்பவன் என்று அர்த்தம். முதல் நாள் காலை ஆறு மணிக்கு அந்தப் பெயருக்கு நியாயம் செய்யக் கிளம்பினேன். வில்லியனூர் ரோட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வானம் கழுவாத அலுமினியக் குண்டான் மாதிரி இருந்தது. சைக்கிளில் எண்ணெய் போட்டிருந்தார்கள். என் முட்டியில் போடவில்லை. அது மட்டும் கிறீச் கிறீச் என்றது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கால் மைல் மிதித்ததும் உடம்பு சூடாகி, காற்று காதோரம் பட்டதும், முப்பது வயது கழன்று ரோட்டில் விழுந்த மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல். எதிரே பால் கேனோடு வந்தவர் எனக்கு வழிவிட்டார். ஏரிக்கரைச் சரிவில் பெடலைவிட்டுக் காலை எடுத்துக்கொண்டு அப்படியே இறங்கினேன். வேலையே இல்லாமல் பெல்லை அடித்தேன். ஒரு நாய்தான் திரும்பிப் பார்த்தது.

இரண்டாம் நாளும் அப்படியே போனது. மூன்றாம் நாள் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். வெளிநாட்டுப் பறவைகள் வந்துதான் இருந்தன; அவையும் குஞ்சு குளுவானோடு குடும்பமாக வந்திருந்தன. திடீரென்று எனக்கு அழுகை வந்தது. பத்து நிமிஷம் அழுதேன். ஒரு நாரை நின்று என்னையே பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் தாங்காமல் பறந்துவிட்டது. மூக்கை மஃப்ளரில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஐந்து இட்லி சாப்பிட்டேன். ஆவணிக்குப் பிறகு நான் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அதனால் நாலாம் நாளும் அங்கேயே போய் உட்கார்ந்து அழுதேன்.

அந்த நாட்களில் சுலோசனாவிடமும் ஒரு மாற்றம் தெரிந்தது. நான் திரும்பி வரும்போது குளித்து முடித்து, முகம் தெளிவாக இருப்பாள். சட்னி அரைக்கும்போது ஏதோ முனகலாகப் பாடக்கூடச் செய்தாள். நான் வீட்டில் இல்லாத இரண்டு மணி நேரம் இவளுக்கு இவ்வளவு நிம்மதியா என்று உள்ளுக்குள் சுருக்கென்றது. கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

ஐந்தாம் நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ராத்திரி முழுக்க மழை. காலையில் விட்டிருந்தது. ஏரிக்குப் போகும் வழியில் மதகுக்கு முன்னாலேயே ரோட்டின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. இரண்டு பேர் பைக்கைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள். நாலடி இறங்கிப் பார்த்துவிட்டு நானும் திரும்பினேன். மணி ஆறே முக்கால்கூட ஆகவில்லை. இப்போதே வீட்டுக்குப் போனால் அந்த மௌனத்தில் போய் உட்கார வேண்டும். சளி கட்டினால் கட்டட்டும் என்று கிழக்கே மிதித்தேன். ஊரைத் தாண்டிக் கடற்கரைச் சாலைக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது.

கடல் கலங்கலாக இருந்தது. லீவுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரோட்டை அடைத்து நடந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு பெண்மணி சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அரக்குப் புடவை, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தார். கூட்டம் குறுக்கே வந்தால் பெல் அடித்து விலக்கினார். ஒரு குழந்தை திடீரென்று ஓடிவந்தபோது காலைத் தரையில் ஊன்றாமலே வளைத்து ஒதுக்கிக்கொண்டு போனார். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக ஓட்டுகிறாள் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் சைக்கிளைப் பார்த்தேன். நீல நிற லேடீஸ் சைக்கிள். சுவேதா காலேஜுக்கு லாஸ்பேட்டை போய்வந்த சைக்கிள். கல்யாணத்துக்கு மறுவாரமே அதைப் பக்கத்து வீட்டு நிர்மலாதேவியின் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாகச் சுலோசனா சொல்லியிருந்தாள். அந்தப் பெண்தான் ஓட்டுகிறதோ என்றால், அதற்கு வயது பதினாறு. முன்னால் போகிற கொண்டையில் பாதி நரை. அந்த நரைக்கு மாசாமாசம் சாயம் வாங்கி வருகிறவன் நான்.

கூப்பிட வாய் வரவில்லை. துரத்தினேன். பிடிக்க முடியவில்லை. லைட் ஹவுஸ் தாண்டி, தெற்கு மூலையில் பழைய பாலத்தருகே அவள் இறங்கி, ஸ்டாண்டு போட்டு, பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கருங்கல் மேல் உட்கார்ந்தாள். எல்லாம் தினமும் செய்கிற நிதானத்தில் நடந்தது. நான் கிட்டே போனபோது அழுதுகொண்டிருந்தாள். ஓலமில்லை. வேலை செய்கிற மாதிரி அழுதாள். அழுவாள், துடைப்பாள், கடலைப் பார்ப்பாள், மறுபடி அழுவாள்.

சத்தமில்லாமல் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். என் பிரேக் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, கீச்சிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், நனைந்த பேண்ட்டைப் பார்த்தாள்.

"ஏரி ரொம்பிடுச்சா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபத்துக்குப் பதிலாக மூச்சு வாங்கியது.

அவளாகவே சொன்னாள். பள்ளிக்கூடம் படிக்கும்போது தினமும் பாகூருக்குச் சைக்கிளில்தான் போய்வந்தாளாம். கல்யாணத்துக்கு அப்புறம் சைக்கிள் தெரியுமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லையாம். யாரும் என்பது நான்தான். சுவேதா போன பிறகு, நான் ஒன்பது மணிக்கு ஆபீஸ் கிளம்பியதும், நிர்மலாதேவி வீட்டுக் கொட்டகையிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவாளாம். ஒரு மணி நேரம். பிறகு மார்க்கெட் போய்விட்டு வீடு. நாலு மாசமாக நடக்கிறது. நான் எட்டு நாள் விடுப்பு என்றதும் அவளுக்கு இரண்டு ராத்திரி தூக்கமே வரவில்லையாம். அப்புறம் நானே சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்து நின்றேனாம். டாக்டர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை என்று தெரிந்தும், எப்படியோ நான் கிளம்பினால் போதும் என்று விட்டுவிட்டாளாம். எதிரும் புதிருமாகப் பார்த்துக்கொள்ளக் கூடாது என்றுதான் என்னை மேற்கே அனுப்பினாளாம்.

"அழணும்னா வீட்டுலயே அழுவறதுதானே சுலோ?"

"வீட்ல எங்க விடறீங்க? லேசா மூக்க உறிஞ்சினாலே டிவி சத்தத்தக் குறைச்சிட்டு என்னா என்னாங்கறீங்க. என்னான்னு சொல்றது? இங்க யாரும் கேக்கறதில்ல."

ஏரிக்கரை விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தொண்டை வரை வந்தது. நானும் ஒரு நாரையும் மட்டும் அறிந்த ரகசியம். மீசை தடுத்துவிட்டது. காற்று ஜாஸ்தியாக இருக்கிறது என்று சொல்லி மஃப்ளரைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கித் தலையில் சுற்றிக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்களும் வர்றேன்னு சொல்லுவீங்க."

"இப்பதான் தெரிஞ்சுபோச்சே. நாளையிலேர்ந்து சேர்ந்தே வருவோம்."

அவள் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். ஒரு அலை வந்து கல்லில் மோதித் திரும்பியது. இன்னொன்றும் வந்து போனது.

"சரி. ஆறரைக்குக் கிளம்பலாம்" என்றாள்.

துய்மா வீதி வழியாக இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள் மாதிரி மெதுவாக. எனக்கு மனசு லேசாகிவிட்டதால் வாய் திறந்துகொண்டது. இடது பக்கமாகப் போ, முன்னால் பள்ளம், பின் பிரேக்கைப் பிடி, முன் பிரேக்கைப் பிடிக்காதே என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் கையை எப்படிக் காட்டுவது என்றும் கற்றுக்கொடுத்தேன். நாலு மாசத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதே இல்லை. பேசியது நான்தான் என்றாலும்.

அன்று சாயங்காலம் இரண்டு சைக்கிளையும் துடைத்தேன். காற்று அடித்தேன். அவள் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டேன். கடைக்குப் போய்க் கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிட பிஸ்கட் வாங்கி வந்தேன். நாளைக்கு அந்தக் கல்லில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஏரிக்கரை அழுகையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று படுக்கையில் மனசுக்குள் வரைவு எழுதி, திருத்தி, மறுபடி எழுதினேன். சுலோசனா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

காலையில் அலாரம் அடிப்பதற்கு முன்பே ஆறுக்கு எழுந்துவிட்டேன். அவள் பக்கம் காலியாக இருந்தது. குளிக்கிறாள் என்று நினைத்து நானும் தயாரானேன். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் பிஸ்கட். அடுப்படியில் டிகாஷன் இறக்கி வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. ஒன்றே ஒன்று. குளியலறைக் கதவு திறந்துதான் கிடந்தது.

வாசலுக்கு வந்தேன். என் சைக்கிள் மட்டும் நின்றது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நிர்மலாதேவி கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என் சட்டையையும் பாக்கெட்டையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள்.

"அக்கா அஞ்சரைக்கே போயிட்டாங்கண்ணே. நீங்க எழுந்ததும் குக்கர்ல அரிசி வெச்சிடச் சொன்னாங்க. ஒண்ணுக்கு மூணு தண்ணியாம்."