குதிரைக்கு எடுத்த அளவு

தையல்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவராக எடுத்த முடிவுகள் மொத்தம் மூன்று. முதல் இரண்டும் மனைவியின் காதுக்குப் போன அன்றே காலாவதியாகிவிட்டன. மூன்றாவதையாவது எப்படியும் காப்பாற்றிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். முடிவு இதுதான்: கொல்லைக் கொட்டகையில் நிற்கும் குதிரையை அனுப்பிவிட்டு, அங்கே துணி வெட்டும் மேஜை போடுவது.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. முன்னறையில் தையல் மிஷின் இரண்டு, அலமாரி ஒன்று, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. அதோடு அறை தீர்ந்தது. ஆகவே இத்தனை வருடமும் கட்டில்மேல் பலகை போட்டு, தரையில் மண்டியிட்டுத்தான் துணி வெட்டி வருகிறார். முழங்கால் இரண்டும் காய்த்துப்போய்விட்டன. தெரியாதவர்கள் பெரிய பக்திமான் என்று நினைக்கிறார்கள். கொல்லையில் இருப்பதோ நல்ல வெளிச்சம் விழுகிற, மழைக்கு ஒழுகாத கொட்டகை. அதில் ஒரு வேலையும் இல்லாத பெட்டைக் குதிரை ஒன்று நாள் முழுக்க நின்றுகொண்டு, அவர் போகும்போதும் வரும்போதும் மேலும் கீழும் பார்க்கிறது.

குதிரை மனைவி வழியில் வந்தது. அவளுடைய அப்பா பால் வண்டி ஓட்டினவர். அவர் கண்ணை மூடியதும் குதிரை மூன்று நாள் தீனியைத் தொடவில்லை. மகளும் சோற்றைத் தொடவில்லை. நாலாம் நாள் ஒரு கையால் அதற்குப் புல்லை ஊட்டிக்கொண்டே மறு கையால் அவளும் சாப்பிட்டாள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்த தையல்காரருக்கே கண் கலங்கிவிட்டது. அதனால் இந்த விஷயத்தை மனைவியிடம் நேரே எடுக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. முதலில் போய் ஊருக்கு வெளியே குதிரையேற்றப் பள்ளி நடத்துகிறவரைப் பிடித்தார்.

பள்ளிக்காரருக்குப் பரம சந்தோஷம். சின்னப் பிள்ளைகள் ஏறிப் பழக இப்படி ஒரு சாதுவான குதிரையைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தாராம். புது லாயம் கட்டிக்கொண்டிருக்கிறார். எட்டு மாதத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு குதிரைக்கும் ஜன்னல் வைத்த தனி அறை. அதில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வைப்பதாக வாக்குக் கொடுத்தார்.

இவ்வளவையும் முடித்துக்கொண்டுதான் தையல்காரர் மனைவியிடம் வாயைத் திறந்தார். அழுவாள், பேச்சை நிறுத்துவாள், அண்ணன் வீட்டுக்குக் கிளம்புவாள். மூன்றுக்கும் பதில் தயாராக இருந்தது.

"சரிங்க," என்றாள்.

தயாரித்த பதில் மூன்றும் வீணாய்ப் போயின.

"சரிங்கன்னா?"

"சரிங்கன்னா சரிதாங்க. புள்ளைங்களோட இருந்தா அதுக்கும் பொழுது போகும். ஆனா போற இடத்துல நம்மளக் குறைவா நினைக்கக் கூடாது. மேல போர்த்த நல்லதா ஒரு போர்வை தைச்சிடுங்க. லாடம் வேற தேஞ்சு கிடக்கு. நீங்களே கூட்டிட்டுப் போய் மாத்திட்டு வந்துடுங்க."

"இப்பவே கிளம்பறேன்."

"இப்ப வேணாம். வியாழக்கிழமை போங்க."

மலையைப் புரட்டத் தயாராக வந்தவரிடம் கூழாங்கல்லை எடுத்துப் போடச் சொன்னால் கிழமையா பார்ப்பார்? வியாழக்கிழமை குதிரையை லாடக்காரரிடம் ஓட்டிப் போனார். முன்னால் இரண்டு குதிரை காத்திருந்தன. இதைப் பின்பக்கத் தொழுவத்தில் விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரச் சொன்னார் லாடக்காரர். தையல்காரர் டீயோடு பேப்பரையும் எடுத்துக்கொண்டு, வானிலை அறிக்கைவரை ஒரு வரி விடாமல் படித்தார். திரும்பி வந்தபோது குதிரைக்கு நாலு புது லாடம். முகத்திலும் ஏதோ ஒரு நிறைவு. லாடம் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே போர்வைக்கு அளவெடுத்தார். கழுத்து, முதுகு நீளம், வயிற்றுச் சுற்று எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூடப் பையனின் கால்சட்டை அளவுக்குக் கீழே நோட்டில் குறித்துக்கொண்டார். அளவெடுத்தது அன்று. தைத்தது ஏழு மாதம் கழித்து. தையல்காரர்களைத் தெரிந்தவர்கள் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

தைத்து முடித்த போர்வையைக் குதிரைமேல் போர்த்திப் பார்த்தார். கழுத்து கச்சிதம். முதுகு கச்சிதம். வயிற்றுக்கு அடியில் பட்டையைக் கொக்கியில் மாட்டப் போனால், நடுவே ஒரு சாண் இடைவெளி.

"அளவு தப்பா எடுத்துட்டீங்க போல," என்றாள் மனைவி.

தையல்காரரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சோம்பேறி என்றால் சிரிப்பார். சமையலுக்கு உதவாதவர் என்றால் ஒத்துக்கொள்வார். அளவு தப்பு என்று மட்டும் சொல்லக் கூடாது.

"நானா? தப்பாவா? இந்தக் கை டேப்பப் பிடிச்சு முப்பது வருஷமாச்சு."

"அதான். வயசாகுதில்ல."

பட்டையைப் பிரித்து, புதிதாக அளவெடுத்து, துணி சேர்த்துத் தைத்தார். மூன்று வாரம் கழித்து மாட்டினால் மறுபடி நாலு விரல் பற்றவில்லை. மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாமே என்று மனைவி அக்கறையோடு சொன்னாள். நீ போடும் தீனியில் அது ஊதிப்போய்விட்டது என்று அவர் திருப்பிக் கொடுத்தார். தினமும் போடுவது அதே இரண்டு கட்டுப் புல்தான் என்று அவள் அந்தக் கட்டுகளை அவர் கண் முன்னாலேயே காட்டினாள். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாடிக்கைக்காரரின் சட்டைக்கு ஒரே தோளை மூன்று முறை அளந்தார். கொட்டகை கிடைக்க இன்னும் பத்து நாள்தான் என்ற சந்தோஷம்கூட மங்கிவிட்டது.

கடைசியில் அவரே கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு வரவழைத்தார். குதிரைதான் பெருத்திருக்கிறது, டேப் தப்பில்லை என்று படித்தவர் ஒருவர் வாயால் வர வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு. நோட்டைப் பிரித்து இரண்டு தடவை எடுத்த அளவையும் சாட்சியாக வைத்தார். டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார். குதிரையின் விலாவில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு முறையாகப் பரிசோதித்தார்.

"உங்க அளவு சரிதான். குதிரை எட்டு மாசச் சினை."

"கேட்டியா?" என்று தையல்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "என் அளவு சரிதானாம்."

முதல் வாக்கியத்துக்கு மார்பை நிமிர்த்திக்கொண்டவருக்கு இரண்டாவது வாக்கியம் அப்போதுதான் வந்து சேர்ந்தது. நிமிர்ந்த மார்பு மெல்ல இறங்கியது. டாக்டரம்மா, எட்டு மாதத்துக்கு முன் பக்கத்தில் எங்காவது ஆண்குதிரை இருந்ததா என்று விசாரித்தார். தையல்காரருக்கு லாடக்காரர் வீட்டுப் பின்பக்கத் தொழுவம் ஞாபகம் வந்தது. அங்கே வேலிப் படல் திறந்து கிடந்ததும், வேலிக்கு அந்தப் பக்கம் பளபளவென்று ஒரு கறுப்பு உருவம் நின்றதும் ஞாபகம் வந்தது. கயிற்றைப் பிடித்து அங்கே கொண்டுபோய் விட்டது சாட்சாத் அவரே. மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று வியர்த்துப்போய் அவளைப் பார்த்தார். அவள் குதிரையின் பிடரியை நிதானமாகச் சீவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது.

"ஏன் அன்னைக்கு வியாழக்கிழமைன்னு சொன்ன?"

"புதன்கிழமைன்னா சீக்கிரம். வெள்ளிக்கிழமைன்னா லேட்டு," என்றாள், சீப்பை நிறுத்தாமல்.

தையல்காரர் திண்டாடிப்போனார். ஆனாலும் விடவில்லை. டாக்டரம்மாவிடம் துருவித் துருவிக் கேட்டார். குட்டி போட இன்னும் மூன்று மாதம். அதுவரை குதிரையை இடம் மாற்றி அலைக்கழிக்கக் கூடாது. போட்ட பிறகு குட்டி பால் மறக்க ஆறு மாதம். ஆக ஒன்பது. இருபத்திரண்டு வருடம் மண்டியிட்ட முழங்காலுக்கு ஒன்பது மாதம் ஒரு பொருட்டா?

"ஒன்பது மாசம்தானே. பொறுத்துக்கறேன்," என்றார். "அப்புறம் தாயும் பிள்ளையுமா ரெண்டும் போயே ஆகணும். இந்தத் தடவை நான் விட மாட்டேன்."

"சரிங்க," என்றாள் மனைவி. பிறகு டாக்டரம்மாவிடம் திரும்பி, குட்டி போட்டதும் மறுபடி எப்போது ஆண்குதிரையோடு சேர்க்கலாம் என்று கேட்டாள்.

"ஒன்பது, பத்து நாள்லயே பருவத்துக்கு வந்துடும்மா. ஆனா அத விட்டுட்டு, ஒரு மாசத்துல சேர்த்தா உடம்புக்கு நல்லது."

"ஒரு மாசம்," என்று மனைவி மனப்பாடம் செய்துகொண்டாள்.

தையல்காரர் விரல்விட்டு எண்ணினார். குட்டி பால் மறப்பதற்குள் தாய்க்கு ஐந்து மாதம் ஆகியிருக்கும். அதற்கப்புறம் ஆறு, மறுபடி ஆறு, அதற்குள் மறுபடி பதினொன்று. இரண்டு கை விரலும் தீர்ந்துபோனதும் எண்ணுவதை விட்டார்.

முன்னறைக்குப் போய்க் குதிரையேற்றப் பள்ளிக்காரருக்குப் போன் போட்டார். விவரத்தைச் சொன்னார். அடடா, ஜன்னலோடு ஒதுக்கி வைத்த அறை வீணாய்ப் போகிறதே என்று அவர் வருத்தப்பட்டார். அறை எவ்வளவு பெரிது என்று தையல்காரர் கேட்டார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்றார் அவர். வெளிச்சம் எப்படி என்று கேட்டார். காலையிலிருந்து சாயங்காலம்வரை நன்றாக விழும் என்றார். தையல்காரர் கொல்லைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"குதிரைக்குப் பதிலா நான் வரலாமாங்க?"