ஒரு பாறை, நான்கு அம்புக்குறி

பயந்தாங்கொள்ளியை நம்பி எங்கேயும் போகலாம், அவன் ஜாக்கிரதையாக இருப்பான் என்று பலருக்கு ஒரு நினைப்பு. என் மாமனாருக்கும் அது இருந்தது, முள்புதரில் மாட்டும்வரை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான முதல் ஈஸ்டருக்கு நானும் மனைவி ரெஜினாவும் விழுப்புரத்தில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். மறுநாள் செஞ்சி பக்கம் ஒரு மலையேறி, உச்சியில் உள்ள பழைய மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதாக முடிவானது. (எனக்குப் பாம்பு, தேனீ, வெயில், வழுக்குப்பாறை எல்லாமே பயம். புது மாப்பிள்ளை அதைச் சொல்ல முடியுமா?)

அடிவாரத்திலேயே மாமனார் நின்றுவிட்டார். "ரெஜினாவ இட்டுக்கினு நீங்க முன்னாடி போங்க மாப்ள. இந்த முட்டிய வச்சிக்கினு நானும் உங்க அத்தையும் மெதுவா வர்றோம்."

"வழி தப்பிடப் போறீங்க மாமா! நான் குறி போட்டுக்கினே போறேன்" என்று சட்டைப்பையிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்தேன்.

"பொறுப்பான புள்ள" என்று அவர் அத்தையிடம் சொன்னது காதில் விழுந்தது. அன்று முழுக்க அந்தப் பெயரைக் காப்பாற்றியாக வேண்டும்.

பாதி மலையில் பாதை பிரிந்தது. அங்கிருந்த பாறையில் இடப்பக்கம் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனேன். முள்புதர். திரும்பி வந்து அதே பாறையில் வலப்பக்கம் ஒன்று. செங்குத்துச் சரிவு. மூன்றாவது அம்பு, வற்றிய சுனை. நான்காவதுதான் மண்டபம்.

பழைய அம்புகளை ஏன் அழிக்கவில்லை? தையற்காரன் துணியில் போட்ட கோட்டை அழிக்க மாட்டான். தப்பாகிவிட்டால் பக்கத்தில் சரியான கோடு போட்டு வெட்டுவான். பழசு முதல் துவைப்பில் போய்விடும். (பாறையை யார் துவைப்பது?)

மண்டபத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கோழிக்குழம்பு அத்தையிடம்.

"மாமாவுக்கு நெஞ்சுவலி ஏதாவது..."

"வாய மூடிக்கினு இருங்க" என்றாள் ரெஜினா. மாதாவுக்கு என் உயரத்தில் மெழுகுவர்த்தி வேண்டிக்கொண்டு கீழே ஓடினேன்; அவளும் பின்னாலேயே வந்தாள்.

முள்புதரில் அத்தையின் ஈஸ்டர் புடவை. ஒவ்வொரு முள்ளாக மாமனார் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நாலு அம்பு போட்டீங்களே மாப்ள, மூணுலயும் போய்ப் பாத்துட்டோம். இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே மாமா!"

அத்தைதான் பதில் சொன்னார்: "மாப்ள போட்டது தப்புன்னு நாங்க எப்படிங்க சொல்றது?"

ரெஜினா சிரிக்க ஆரம்பித்தாள். புதரடியிலேயே சாப்பிட்டு, பஸ் ஏறும்வரை அவள் நிறுத்தவில்லை. புடவையைக் கிழிசல் தெரியாமல் தைத்துக் கொடுத்தேன். பெயரைத்தான் தைக்க முடியவில்லை.

பல வருடம் கழித்து, எங்கள் மகள் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து. பந்தி நடக்கும் இடத்துக்கு வழிகாட்டி, சுவரில் யாரோ அம்புக்குறி ஒட்டியிருந்தார்கள். அதன் எதிரே மாமனார் கைத்தடியைக் குறுக்கே நீட்டி விருந்தாளிகளை நிறுத்தினார்.

"கொஞ்சம் இருங்க. இது எங்க மாப்ள போட்டதான்னு கேட்டுக்கினு வர்றேன். அவரு போட்டதுன்னா, நாம வீட்டுக்குப் போயே சாப்ட்டுடலாம்."