குகை அண்ணையின் வலக்கை

ஒஸ்லோவில் மித்திரனைக் கும்பிட்ட ஒரே தமிழர் எங்கள் குகை அண்ணைதான். உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஒஸ்லோவின் புறநகரான புருசெத்தில் எங்கள் அடுக்குமாடியில் இருந்தவர். சுரங்க ரயில் ஓட்டுநர். ரோமர் காலத்துப் படைவீரர்கள் குகை மாதிரி அறைகளில் கூடி, காளையைக் கொல்லும் மித்திரன் என்ற தெய்வத்தை இரகசியமாக வழிபட்ட கதையை ஏதோ புத்தகத்தில் படித்துவிட்டார். அன்றோடு பிடித்தது சனி. நிலவறையில் பழைய மெத்தை கிடந்த தன் சாமான் அறையைக் கோயிலாக்கினார்.

"நாள் முழுக்க மண்ணுக்குக் கீழை இருக்கிறனான். மேலை இருக்கிற சாமிக்கு என்னை எங்கை தெரியப்போகுது?" என்பார்.

சுவரில் மித்திரனை வரைந்தார். "அண்ணை, நந்தியை வெட்டுறது பாவமெல்லே?" என்றேன். ஒரு கிழமை யோசித்தார். கத்தியை அழித்துவிட்டு, மித்திரன் கையில் புல்லுக்கட்டைக் கொடுத்தார்.

அந்த மதத்தில் ஏழு படி. அவர் உச்சிப்படி, பிதா. அயலவர் இருவரில் ஒருவர் வீரன், மற்றவர் சிங்கம். நான் அடிப்படி, காகம். பரிமாறுவது காகத்தின் வேலை. சனிக்கிழமை மத்தியானம் இடியப்பமும் சொதியும் காவிக்கொண்டு இறங்குவேன். அங்கே வணக்கம் கிடையாது, வலக்கையை இறுகப் பிடிக்கவேண்டும்.

"இந்தக் கை பிடிச்சவன் சகோதரம். வெளியிலை கதைக்கக்கூடாது, விளங்கினதோ?"

"ஓம் அண்ணை."

மனைவி, பிள்ளை இல்லாத மனிதர். அந்த நாலு தட்டுதான் அவருக்குக் குடும்பம். அது தெரிந்தும், ஒரு பிறந்தநாள் விழாவில் என் நாக்கு சும்மா இருக்கவில்லை. புல்லுக்கட்டு முதல் இடியப்பம் வரை நடித்தே காட்டினேன். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. வீரனும் சிங்கமும் வெட்கத்தில் அதோடு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அண்ணை என்னை ஏசவில்லை. என் கதவைத் தட்டி, "காகம், சனிக்கிழமை வாறீரோ? நீரும் நானும் எண்டாலும் போதும்" என்றார். வேலை இருக்கிறது என்றேன். பச்சைப் பொய். எந்த முகத்தோடு போவது?

கொஞ்ச நாளில் திராமன் நகருக்கு வீடு மாறிப் போய்விட்டார். போன மாதம் அங்கே ஒரு கல்யாணவீட்டில் கண்டேன். ஓடிப்போய் வலக்கையை நீட்டினேன். அதைப் பார்த்தார். பிறகு இரு கையும் கூப்பி, "வணக்கம் தம்பி, சுகமே?" என்றார்.

சுகம் என்றேன். சாப்பாட்டு நேரம், பரிமாறிக்கொண்டிருந்தவரிடம் கரண்டியை வாங்கி, அண்ணையின் தட்டில் நானே சோறு போட்டேன். அவர் போதும் என்று சொல்லும்வரை போட்டேன். காகத்தின் வேலை அதுதானே.