மாப்ள வந்து கூப்பிடட்டும்

முறைக்காரர் என்று ஒரு வகை மனிதர் உண்டு. கோபக்காரரைத் தெரியும், கடன்காரரைத் தெரியும், இவரைத் தெரியாதா? கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணம் தம் பக்கம் வரும்வரை செருப்பைக் கழற்றாமல் நிற்பாரே, அவர்தான். யாராவது கையைப் பிடித்து இழுத்தால்தான் பந்தியில் உட்காருவார். உட்கார்ந்தபின் எழுந்திருக்கவும் யாராவது வந்து சொல்ல வேண்டும். "எனக்கொண்ணும் வருத்தமில்லப்பா, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்பார். இதில் முதல் பாதியை நம்பியவர்கள் பிறகு நிறைய அனுபவித்திருக்கிறார்கள்.

செல்லூரில் விறகுக் கடை வைத்திருந்த முத்திருளன் இந்த வகையில் முதல் தரம். இடது கையால் காசை நீட்டியவருக்கு அவர் கடையில் விறகு கிடையாது. இந்த முறைகளையெல்லாம் யார் வகுத்தது என்று கேட்டால், "பெரியவங்க" என்பார். எந்தப் பெரியவங்க? அதைக் கேட்பதும் முறையில்லை. தம் மகன் கல்யாணத்துக்கு மட்டும், சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் தபால் கார்டு போட்டுவிட்டு, "காலம் மாறிப்போச்சுல்ல" என்று முடித்துக்கொண்டார்.

அவருக்கு ஒரே தங்கை சோலையம்மாள். கோயில் கோயிலாக ஏறி இறங்கி, வெகு காலம் கழித்து அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. தங்கப்பொண்ணு என்று பெயர். பேச்சு வந்து, ஓடியாடும் வயசில், திருப்பரங்குன்றத்தில் மொட்டையடித்துக் காது குத்துவதென்று முடிவானது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பெண் பிள்ளை இல்லாத முத்திருளனுக்கு இது வாழ்நாள் ஆசை. கம்மல் வாங்கிய நாளிலிருந்து அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விறகு நிறுக்கும்போதுகூடத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. அந்தப் பாசம் நிஜம்.

விசேஷத்தன்று, கழுத்தில் மாலை போட்ட கிடாயும், சீர்த் தட்டுகளும், மனைவி சீனியம்மாளுமாக வந்து இறங்கியவர், மண்டபத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சீர் கொண்டுவரும் தாய்மாமனை மேளத்தோடு வந்து எதிர்கொண்டு அழைக்க வேண்டுமல்லவா? அழைத்தார்கள். மேளம் வந்தது, சந்தனம் வந்தது, தங்கை புருஷன் விருமாண்டியின் தம்பி வந்தான். விருமாண்டி வரவில்லை. முத்திருளன் சந்தனக் கிண்ணத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார்.

"தம்பி கூப்பிட்டா அது தம்பி மரியாதை. மாப்ள வந்து கூப்பிடட்டும்."

மேளக்காரர்கள் நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்துவிட்டு டீ குடிக்க ஒதுங்கினார்கள். அடுத்துச் சோலையம்மாளே ஓடிவந்தாள்.

"அண்ணே, நல்ல நேரம் முடியப் போகுது. எந்திரிண்ணே."

"எனக்கு என்னத்தா வருத்தம்? மாப்ள எங்க?"

"புள்ள தலையில கத்தி ஓடுது. அவருதான் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. விட்டா, குத்துறதுக்குக் காது இருக்காதுண்ணே."

"மொட்டை முடியட்டும். இருக்கேன்."

மொட்டை முடிந்தது. விருமாண்டி மண்டப வாசலுக்கு வந்து, ஈரக் கையோடு, "வாங்க மச்சான், வாங்க" என்று துண்டை வீசி வீசிக் கூப்பிட்டார். இதைவிட என்ன வேண்டும் என்கிறீர்களா? உங்களுக்கு முறை தெரியவில்லை. நடுவில் ஒரு தெரு இருக்கிறதே, அதை யார் தாண்டுவது?

"அங்குட்டு நின்னு கையைக் காட்ட நான் என்ன டவுன் பஸ்ஸா?" என்றார் முத்திருளன்.

சோலையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். சீனியம்மாள் சீர்த் தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"நீங்க முறையப் பாருங்க. நான் புள்ளயப் பாத்துட்டு வாரேன்."

பெஞ்சில் முத்திருளனும், பக்கத்தில் கிடாயும் மிஞ்சினார்கள். கிடா தன் மாலையைத் தின்ன ஆரம்பித்தது. அதை யாரும் வந்து சாப்பிடச் சொல்லவில்லை. உள்ளே, ராகுகாலம் பிறக்கப் போகிறதென்று ஆசாரி அவசரப்படுத்த, தாயின் மடியிலேயே காது குத்தி, கம்மல் வந்து சேராததால் வேப்பங்குச்சியைச் செருகினார்கள். பிள்ளை வீறிட்டது தெருவுக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. முத்திருளன் பாதி எழுந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில், அத்தையின் கையை உதறிவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடிவந்தாள் தங்கப்பொண்ணு. மேளமில்லை, தட்டில்லை. யாரும் அவளைக் கூப்பிடவுமில்லை.

"மாமா, குத்திட்டாக" என்று விசும்பிக்கொண்டே அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, நெஞ்சில் சாய்ந்தாள். மொட்டைத் தலைச் சந்தனம் அவருடைய வெள்ளைச் சட்டையில் அப்பிக்கொண்டது. பையிலிருந்த கம்மல் அவள் கன்னத்துக்கு அடியில் கிடந்தது. மடி, பிள்ளை, சந்தனம். எதற்காக வந்தாரோ அத்தனையும் தானாக வந்து சேர்ந்துவிட்டது. முத்திருளனுக்குக் கண் கலங்கியது. பிள்ளையை இறுக்கிக்கொண்டார். அவள் தலைக்கு மேலாக மண்டப வாசலை எட்டிப் பார்த்தார்.

"உங்கப்பன் வரலையாத்தா?" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் 'அன்புள்ள வாசகரே' என்று முறையாக அழைக்காமல்தான் இதைத் தொடங்கினேன். அது அப்போதே உங்களுக்கு உறுத்தியிருந்தால், திருப்பரங்குன்றம் வரை ஒரு நடை போய்வாருங்கள். அந்தப் பெஞ்சில் இன்னும் இடமிருக்கிறது.