பரப்பளவு சார் கண்டுபிடித்த உபரி

"அந்தக் கொக்கிக்கு நாம மாசம் எவ்வளவு குடுக்கறோம்?" என்று கேட்டார் தாளாளர்.

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது உள்ளே நுழைந்து, கரும்பலகையைப் பார்த்துத்தான் கேட்டார். பலகையில் மேலும் கீழும் வளைந்து ஒரு தொகையீட்டுக் குறி நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் சாக்பீஸும் கையுமாகப் பரப்பளவு சார் நின்றுகொண்டிருந்தார். கேள்வி இந்த இரண்டில் எதைப் பற்றியது என்று பிள்ளைகளுக்குக் குழப்பம். சாருக்குக் குழப்பமே இல்லை.

வீட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. பத்தொன்பது வருஷமாக வணிகவியல் பிள்ளைகளுக்குக் கணிதம் எடுத்து, எதைக் கேட்டாலும் "கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பளவுதான் விடை" என்று சொல்லிச் சொல்லிப் பரப்பளவு சார் ஆகிப்போனவர். பத்தொன்பது வருஷமும் தற்காலிகம். ஒவ்வொரு வருஷமும் கல்லூரி திறக்கும்போது 'ஓராண்டுக்கு மட்டும்' என்று ஒரு காகிதம் கொடுப்பார்கள். அதில் குத்தும் முத்திரைகூடத் தேய்ந்துபோய், இப்போதெல்லாம் 'தற்காலிக' என்பதில் பாதிதான் விழுகிறது.

"முப்பது வருஷம் சிமென்ட் வித்திருக்கேன் சார். ஒரு நாளும் இந்தக் கொக்கி எனக்குத் தேவைப்படலையே" என்றார் தாளாளர்.

'இதெல்லாம் எதுக்கு சார்' என்று கேட்கும் பிள்ளைகளிடம் பரப்பளவு சார், "பிற்காலத்தில் புரியும்" என்று சொல்லி உட்காரவைத்துவிடுவார். தாளாளருக்கு எழுபது வயது. அவரிடம் பிற்காலம் என்று சொல்ல முடியாது.

"வியாபாரமே இதுலதான் சார் இருக்கு."

"அப்படியா? நம்ம கேன்டீன்லயே செஞ்சு காட்டுங்க. ஒரு மாசம் தரேன். உருப்படியா ஏதாவது வந்தா உங்களை நிரந்தரம் பண்ணிடலாம். வரலைன்னா அடுத்த வருஷம் இந்தப் பேப்பரையே எடுத்துடலாம். பிள்ளைங்களும் சந்தோஷப்படும்."

பிள்ளைகள் அப்போதே சந்தோஷப்பட்டன.

வீட்டில் மனைவி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். மருந்துக்கடையில் பில் போடுகிறவள். நாள் முழுக்கக் கஷ்டத்தில் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, நடப்பதை நடக்கிறபடியே பார்க்கும் கண் வந்துவிட்டிருந்தது.

"ஐம்பத்தொண்ணு ஆச்சு உங்களுக்கு. இவங்க வேண்டாம்னா வேற யார் எடுப்பாங்க?"

"எடுத்துக் காட்டறேன் பாரு. நுகர்வோர் உபரின்னு ஒண்ணு இருக்கு. நீ குடை வாங்கப் போறே. ஐந்நூறு வரைக்கும் குடுக்கலாம்னு மனசுல நினைச்சுட்டுப் போறே. கடைக்காரன் முந்நூறுன்னு சொல்லிடறான். மிச்சம் இருநூறு உனக்கு உபரி."

"அந்த இருநூறு எங்க?"

"உன் மனசுல இருக்கு."

"மனசுல இருக்கறதைக் காட்டினாப் பால்காரன் ஊத்துவானா?"

"கடைக்காரனுக்கு அது தெரியாம இருக்கற வரைக்கும்தான் உனக்கு லாபம். தெரிஞ்சுதுன்னா அந்த இருநூறையும் கறந்துடுவான். எத்தனை பேர்கிட்ட எவ்வளவு இப்படி ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் தொகையீடு."

"பத்தொன்பது வருஷமா இதைத்தான் சொல்லிக்குடுக்கறீங்களா?" என்று பல்லால் நூலை அறுத்தாள் மனைவி. "பாவம் அந்தப் பிள்ளைங்க."

மறுநாள் மூன்று மணி நேரப் பரீட்சை முடிந்து வெளியே வந்த பிள்ளைகளை வராந்தாவிலேயே மடக்கி, பரப்பளவு சார் ஒரு தாள் கொடுத்தார். ஒரே கேள்வி: 'ஒரு டீக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள்?' அன்றைக்குப் பார்த்துக் குடிதண்ணீர்க் குழாயும் வேலை செய்யவில்லை. பிள்ளைகள் நாக்கு வறண்டு, நாற்பது வரைக்கும் எழுதினார்கள். கேன்டீனில் டீ பத்துதான்.

வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டுப் பார்த்தார். அது அப்பழுக்கில்லாத நேர்கோடாக வந்து தொலைத்தது. நேர்கோட்டுக்குக் கீழே இருப்பது முக்கோணம். முக்கோணத்துக்குப் பரப்பளவு காணப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போதும். கொக்கி வேண்டாம். பரப்பளவு சார் கதவைச் சாத்திவிட்டு வந்து, கோட்டை லேசாக வளைத்தார். பத்தொன்பது வருஷ உழைப்பு அந்த வளைவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"தினமும் நாலாயிரத்து அறுநூறு சார்" என்றார் தாளாளரின் அறையில், தாளை விரித்து. "பிள்ளைங்க குடுக்கத் தயாரா இருக்காங்க. நாமதான் வாங்காம விட்டுட்டு இருக்கோம்."

தாளாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அந்த நேரத்தில் டைப்பிஸ்ட் அம்மா பல்கலைக்கழக முத்திரை போட்ட உறை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். பதினொரு வருஷமாக அந்த அலுவலகத்தின் சகல உத்தரவுகளையும் அடித்துக் கொடுப்பவள். எதையும் படிக்க மாட்டாள், அடிப்பாள். தாளாளர் உறையைப் பிரித்து வாசித்தார். பரப்பளவு சாரை ஒரு தடவை பார்த்தார். மறுபடி வாசித்தார். ஒரு துண்டுத் தாளில் ஏதோ எழுதி அவளிடம் கொடுத்தார்.

"இந்தப்படி அடிச்சு வெச்சுடுங்கம்மா. தேதி மட்டும் போடாதீங்க."

அவள் போனதும், "நீங்க சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க சார்" என்றார். "வாங்கறவன் மனசுல பெரிய தொகை இருக்கு. விக்கறவனுக்கு அது தெரியாது. அப்ப நடுவுல இருக்கறது யாருக்கு?"

"வாங்கறவனுக்கு சார்."

"முழுசும்?"

"முழுசும் சார்."

"அடேயப்பா" என்றார் தாளாளர். பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு கவனமாகப் பாடம் கேட்ட மாணவரைப் பரப்பளவு சார் பார்த்ததே இல்லை. கண் கலங்காத குறை.

மறுநாள் காலை டீ இருபத்தைந்து என்று கேன்டீனில் பலகை தொங்கியது. முந்நூறு டீ போகிற இடத்தில் பதினொன்று போனது. அதில் மூன்று பரப்பளவு சார் குடித்தது.

"என்ன சார் இது, பால் திரிஞ்சு போகுது" என்றார் கேன்டீன்காரர். பெரிய உடம்பு, சின்னக் குரல். "எல்லாரும் எதிர்க்கடைக்குப் போயிட்டாங்க."

பொருளியலில் ஒரு வசதி உண்டு. எந்தக் கணக்கைத் தொடங்கும்போதும் 'மற்றவை மாறாதிருக்க' என்று ஒரு வரி போட்டுக்கொள்ளலாம். பரப்பளவு சாரும் போட்டிருந்தார். அந்த மற்றவை கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே நீலத் தார்ப்பாய் கட்டி, அடுப்பு மூட்டி, டீ எட்டு என்று எழுதிப்போட்டு உட்கார்ந்திருந்தது.

"விலை தப்பில்லை. நேரம்தான் தப்பு" என்று கண்டுபிடித்தார் அவர். "காலையில யாருக்கும் தாகம் இருக்காது. ஒன்பதுல இருந்து ஒன்பதரை வரைக்கும் பத்து. அப்புறம் இருபத்தஞ்சு."

காலை ஒன்பது மணிக்கு மொத்தக் கல்லூரியும் கேன்டீன் வரிசையில் நின்றது. முதல் வகுப்பில் பெஞ்சுகள் மட்டும் இருந்தன. பாடம் நடத்த ஆளில்லை என்று புகார் செய்யவும் ஆளில்லை, ஆசிரியர்களும் வரிசையில்தான் இருந்தார்கள். ஒன்பதரைக்கு மேல் மறுபடி எதிர்க்கடை.

முதல்வர் போய் முறையிட, தாளாளர் வாசல் கதவைப் பூட்டச் சொன்னார். காலையில் உள்ளே வந்தால் சாயங்காலம்தான் வெளியே.

"இப்ப சரியாப் போச்சு" என்றார் பரப்பளவு சார் கேன்டீன்காரரிடம். "மற்றவை பூட்டியாச்சு. இனிமே ஒரே விலைன்னு பேச்சே கிடையாது. ஒவ்வொருத்தர்கிட்டயும் அவங்கவங்க குடுக்கத் தயாரா இருக்கறதை வாங்கிடணும்."

"மூஞ்சியைப் பார்த்து எப்படி சார் தெரியும்?"

"கேளுங்க. அதிகபட்சம் எவ்வளவு தருவீங்கன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கணும். நம்ம விலையை நாம சொல்லவே கூடாது. முதல்ல யார் வாயைத் திறக்கறாங்களோ, அவங்க தொலைஞ்சாங்க. இது பாலபாடம்."

கேன்டீன்காரர் பாலபாடத்தை அப்படியே கடைப்பிடித்தார். முதலில் வந்த பையனைக் கேட்டார். "ரெண்டு" என்றான் அவன். அடுத்தவளும் ரெண்டு. பத்து நிமிஷத்தில் கல்லூரி முழுக்கத் தகவல் பரவி, ஆயிரம் பிள்ளைகளின் அதிகபட்சமும் ரெண்டாகிவிட்டது.

அப்போதுதான் பொருளியல் துறைத் தலைவர் வந்தார். சாதாரணமாக நேரம் கேட்டால்கூட முன்னுரை, முடிவுரையோடு பதில் சொல்கிறவர். பின்னால் நாற்பது பிள்ளைகள் நிற்க, கேன்டீன்காரர் சின்னக் குரலில் கேட்டார்.

"சார், ஒரு டீக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவீங்க?"

துறைத் தலைவர் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்தன. ரெண்டு என்று சொல்ல அவருடைய முனைவர் பட்டம் இடம் கொடுக்கவில்லை.

"முப்பத்தைந்து" என்றார்.

வாங்கிக்கொண்டு டீயைக் கொடுத்தார் கேன்டீன்காரர். அடுத்து வந்த வரலாற்று ஆசிரியர் துறைத் தலைவரை விடக் குறைந்து போகக் கூடாதே என்று நாற்பது சொன்னார். நூலகர் ஐம்பது சொல்லிவிட்டு, டீ வேண்டாம் என்று போய்விட்டார். வாரக் கடைசியில் பார்த்தால், பிள்ளைகள் ரெண்டுக்குக் குடிக்கிற டீக்கு ஆசிரியர்கள் இருபது மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பரப்பளவு சார் மட்டும் தன் கணக்கின் மானத்தைக் காப்பாற்ற, தினமும் இரண்டு வேளை இருபத்தைந்து கொடுத்தார்.

ஆசிரியர் அறையில் அவர் நாற்காலியைத் தனியே ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுவிட்டார்கள். யாரும் பேசுவதில்லை. பொருளியல் துறைத் தலைவர் மட்டும், "கோட்டுக்குக் கீழே போட்டுப் புதைச்சிடணும்" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். எல்லா ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு தாளாளருக்குப் போனது.

கெடு முடிகிற நாள் காலையில் மனைவி சாப்பாட்டு டப்பாவை மூடிக் கொடுத்தாள்.

"வேலை போயிடுச்சுன்னா நேரா வீட்டுக்கு வந்துடுங்க. அங்கயும் இங்கயும் உக்காந்து யோசிக்க வேண்டாம்."

"நிரந்தரம் பண்ணிட்டாருன்னா?"

"அப்ப நாற்பத்தஞ்சாயிரம் கேளுங்க. இருபத்திரண்டுல எத்தனை வருஷம் ஓட்டறது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டாவது மிஞ்சுமா என்பதுதான் கேள்வி.

தாளாளர் மனுவை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். பரப்பளவு சார் நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்க சார். கேன்டீன்ல டீயைப் பழையபடி பத்துக்கே விட்டாச்சு. கதவையும் திறந்தாச்சு."

"சரி சார்."

"அதுக்காக உங்க கொக்கியைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குப் பிரயோஜனமாத்தான் இருந்துது." மனுவை எடுத்து மடித்து இழுப்பறையில் போட்டார். "உங்களை நிரந்தரம் பண்றேன்."

பரப்பளவு சாருக்கு மேஜையின் விளிம்பு கையில் தட்டுப்பட்டது. பிடித்துக்கொண்டார்.

"சம்பளம் என்னன்னு நீங்களே சொல்லுங்க சார். எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?"

நாற்பத்தைந்து என்றுதான் நாக்கு கிளம்பியது. நடுவழியில் மூளை குறுக்கே விழுந்தது. சிமென்ட் வியாபாரி. ஒரு மூட்டையில் ஒரு பிடி குறைந்தாலும் லாரியைத் திருப்பி அனுப்பியவர். இவர் மனசில் முப்பதைத் தாண்டி இருக்கவே இருக்காது. அதிகம் கேட்டு, வந்ததும் போய்விட்டால்?

"முப்பத்தெட்டாயிரம் சார்" என்றார். சொன்னதும் கூடிப்போய்விட்டதோ என்று தோன்றியது.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடி, பல் பிடுங்கப்பட்டவர் மாதிரி நெடுநேரம் மூச்சு விட்டார்.

"சரி. உங்களுக்காக. வெளியில டைப்பிஸ்ட் அம்மாகிட்டச் சொல்லிக் கையோட உத்தரவை வாங்கிக்குங்க."

வெளியே வந்த பரப்பளவு சாருக்குக் கால் தரையில் படவில்லை. மனசில் இருபத்தெட்டோ முப்பதோ வைத்திருந்த மனிதரிடமிருந்து முப்பத்தெட்டைப் பிடுங்கியிருக்கிறார். விற்கிறவன் பக்கம் சேரும் உபரி. பத்தொன்பது வருஷம் பலகையில் வரைந்ததை இன்றைக்குத்தான் கையில் பிடித்திருக்கிறார். தாழ்வாரத்தில் நின்று மனைவியைக் கூப்பிட்டார்.

"நிரந்தரம் பண்ணிட்டாரு. முப்பத்தெட்டு."

அந்தப் பக்கம் மருந்துக்கடைச் சத்தத்துக்கு நடுவே அவள் மூக்கை உறிஞ்சினாள். "கேட்டதைக் குடுத்துட்டாரா?"

"மறுபேச்சே இல்லை. உடனே குடுத்துட்டாரு."

"உடனேயா?" என்றாள் மனைவி.

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. அதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டு, டைப்பிஸ்ட் அம்மாவின் மேஜைக்குப் போய்ச் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி தொகையைச் சொன்னார். அவள் கோப்பிலிருந்து ஒரு உத்தரவை உருவி, அவர் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பல்கலைக்கழக உறை வந்த அன்னிக்கே உங்க உத்தரவை அறுபதாயிரம்னு அடிச்சு, மூணு வாரமாத் தேதி மட்டும் போடாம வெச்சிருந்தேன், கொஞ்சம் உக்காருங்க சார், முப்பத்தெட்டுன்னு மாத்தித் தந்துடறேன்."